வலது பின்பக்கத்து இரைச்சல்

கொல்கத்தாவில், கரியாஹாட் கடையில் இரண்டு ஸ்பீக்கர் செட்டுகளிலும் ஒரே பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். கோவிந்தராஜனின் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப்போல் இரண்டு மடங்கு. காரணம், அதன்மேல் ஒட்டியிருந்த தங்க முத்திரை. சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்து, தியேட்டர் சத்தம் குறையாமல் வரும் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்களாம். ஒரு மாதமாக இணையத்தில் அதைப் பற்றியே படித்திருந்தார். பாதிப் பேர் வாங்கு என்றார்கள், பாதிப் பேர் வீண் செலவு என்றார்கள். வங்கியில் குப்பை கொட்டுகிறவர் முத்திரையைப் பார்த்தால் விடுவாரா? வாங்கிவிட்டார்.

ஹோம் தியேட்டர் எதற்கு என்றால், பொழுது போகவேண்டுமே. ஓய்வுபெற இரண்டே வருஷம் இருக்கும்போது கொல்கத்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். மகள் அனன்யாவின் பிரசவத்துக்கென்று பெங்களூருக்குப் போன மனைவி கோமதி, பேத்தி நடக்க ஆரம்பித்த பிறகும் வந்தபாடில்லை. தினமும் ஒரு போன் வரும். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்டு முடிப்பதற்குள் குழந்தை அழும், பேச்சு முடிந்துவிடும். லேக் கார்டன்ஸ் பிளாட்டில் மூன்று அறைகள். பேச ஒரு ஜீவன் கிடையாது.

ஸ்பீக்கர் மாட்ட வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். முதலில் இந்தியில்தான் பேசினார். நடுவில் கோமதியின் போன் வந்து இவர் தமிழில் இரண்டு வார்த்தை பேசியதும், ஏணியில் நின்றபடியே திரும்பினார்.

"சார் நம்ம ஊரா? நான் முகமது ரபீக். காயல்பட்டினம். இங்க வந்து பதினோரு வருஷமாச்சு."

அவ்வளவுதான், மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. சோபாவில் தலை வரும் இடத்தில் ஒரு மைக்கை நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஊளைச் சத்தம் எழுப்பி அளந்தார் ரபீக். அளக்கும் பத்து நிமிஷமும் யாரும் பேசக்கூடாதாம். பாவம், கோவிந்தராஜனுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் கஷ்டமாக இருந்தது. பிறகு ரசம் வைத்து, உருளைக்கிழங்கு வறுத்து, விடாப்பிடியாக உட்காரவைத்துப் பரிமாறினார்.

"பெட்டிக்கு மட்டுமில்ல சார், மாட்டுற ஆளுக்கும் சான்றிதழ் உண்டு," என்றார் ரபீக், ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. "எதுவும் கோளாறுன்னா போன் போடுங்க. ரெண்டு நாளைக்குள்ள நான் வந்து நிக்கணும். மூணு வருஷத்துக்கு."

அந்தப் பேச்சு கோவிந்தராஜனின் மனதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

ஒரு வாரம் படம் பார்த்தார். சத்தம் பிரமாதம். படத்தில் மழை பெய்தால் ஜன்னலைச் சாத்த எழுந்தார். ஆனால் பிரமாதம் என்று திரும்பிச் சொல்ல ஆள் வேண்டாமா? எட்டாம் நாள் கம்பெனிக்குப் போன் செய்தார். வலது பின்பக்கப் பெட்டியில் இரைச்சல் என்றார். கூசாமல் பொய் சொன்னார்.

ரபீக் வந்தார். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார், வயரை மாற்றினார், மறுபடி அளந்தார். இரைச்சல் எதுவும் இல்லை. அதற்குள் இரண்டு காபியும், ஊரில் இருக்கும் அவர் பையனின் பள்ளிக்கூடக் கதையும், கோவிந்தராஜனின் முழங்கால் வலியும் ஆகிவிட்டன. அடுத்த மாதம் மறுபடி அதே இரைச்சல். ரபீக் வருகிற நாளுக்கென்று இவர் அதிகமாக ஒரு பால் பாக்கெட் வாங்கிவைத்தார். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தார்.

மூன்றாவது தடவை வந்த ரபீக் காபி வேண்டாம் என்றார். நேராகப் போய்ப் பெட்டியின் முன்னால் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

"இப்போ கேக்குதா சார்?"

"லேசா..." என்றார் கோவிந்தராஜன்.

ரபீக்கின் முகம் விழுந்துவிட்டது. "எனக்குக் கேக்கல சார். போன வாரம் டாலிகஞ்ச்ல காது டாக்டரைப் பார்த்தேன். காது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதாரு. ஆனா நீங்க பொய்யா சொல்லப்போறீங்க? ஒரே வீட்டுல மூணு புகார். என் சான்றிதழை நிறுத்திவெச்சுட்டு மறுபடி பரீட்சை எழுதச் சொல்லுதாங்க. காது போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது சார்."

கோவிந்தராஜனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த மனிதர் மாதாமாதம் வருவார், காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டே வருவார். உண்மையைச் சொன்னால் இன்றோடு சரி.

போனை எடுத்தார். ரபீக்கின் எதிரிலேயே கம்பெனியை அழைத்து, மூன்று புகாரும் பொய், ஸ்பீக்கரிலும் குறையில்லை, வந்தவர் வேலையிலும் குறையில்லை என்று சொன்னார். எழுத்தில் வேண்டும் என்றார்கள். உட்கார்ந்து மெயில் அனுப்பினார்.

"எதுக்கு சார்?" என்று கேட்டார் ரபீக்.

"பேச ஆளில்ல ரபீக். புகார் குடுத்தா நீங்க வருவீங்க, அதான்."

ரபீக் ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டார், மைக்கைத் துணியில் சுற்றினார். வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டியபடியே பேசினார்.

"எனக்கும் ஞாயித்துக்கிழமைன்னா போக இடமில்ல சார். சும்மா ஒருநாள் வாங்கன்னு கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்."

"இப்போ கூப்பிடுறேன். இந்த ஞாயித்துக்கிழமை வாங்க. சாப்பிட."

ரபீக் நிமிர்ந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பார்க்கலாம் சார்."

வரப்போகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பது கோவிந்தராஜனுக்குத் தெரியும்.