கூட்டத்துக்கு முன்பே எழுதிய பக்கம்

தப்பான கோப்பை அனுப்பிவிட்டோம் என்பது, கூட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் ஆசிரியைக்குத் தெரிந்தது. கைபேசியைப் பார்த்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். குடல் அறுவைக்குப் பிறகு சிலருக்கு வயிற்றில் ஒட்டிய ஒரு பையில்தான் மலம் சேரும். அந்தப் பையை முதன்முதலாக மாற்றும் மாணவிகள் நோயாளியிடம் பேச எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு; மாணவிகளிடம் கேட்க ஒரு கேள்வித்தாளும் தயாரித்திருந்தாள். நோயை அனுபவித்த ஒருவரும் ஆய்வுக் குழுவில் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதற்காக அவள் தேடிப் பிடித்தவர்தான் தையல்காரம்மா. மூன்று வருடமாகப் பையோடு வாழ்கிறவர்.

"ஆஸ்பத்திரியில என் வயித்தப் பத்தி ஆறு பேர் என் தலைக்கு மேலயே பேசுவாங்க டீச்சர். என்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. நீங்க கேப்பீங்களா?" என்று முதல் நாளே கேட்டிருந்தார்.

"கேக்கத்தானேம்மா கூப்பிடறேன். நீங்க சொல்றதத்தான் எழுதுவோம்," என்று ஆசிரியை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அன்று அது அவள் மனமறிந்த உண்மை.

பிறகு அறிக்கை கொடுக்கும் நாள் கழுத்தை நெரித்தது. எல்லாப் பக்கமும் நிரம்பிவிட்டது. 'நோயாளிப் பங்காளரின் ஆலோசனைகள்' என்ற பக்கம் மட்டும் காலி. கூட்டமோ அடுத்த வாரம். வழக்கமாக எல்லாரும் சொல்வதைத்தானே இவரும் சொல்லப்போகிறார் என்று நினைத்து, மூன்று ஆலோசனைகளை அவளே எழுதினாள். அவற்றை ஏற்றுக் கேள்விகள் திருத்தப்பட்டன என்று ஒரு வரியும் சேர்த்தாள். தையல்காரம்மா கடைசியில் ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இரண்டு நாள் முன்பு, கேள்வித்தாளை அனுப்புவதாக நினைத்து அவருக்கு அந்த முழு அறிக்கையையும் அனுப்பியிருக்கிறாள்.

கடவுளே, அவங்க அதைப் படிச்சிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இப்படியும் ஒரு வேண்டுதலா என்று உடனே கூசிப்போனாள்.

தையல்காரம்மா மூச்சு வாங்கிக்கொண்டே உள்ளே வந்தார். லிஃப்ட் பழுது, மூன்று மாடியும் ஏறியிருக்கிறார். கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்து தாள்களை எடுத்தார். ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்தவை. ஆலோசனைப் பக்கத்தில் வரிக்கு வரி துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் ஓடியிருந்தது.

ஆசிரியை வாயைத் திறப்பதற்குள் அவரே குனிந்து கிசுகிசுத்தார். "பயப்படாதீங்க டீச்சர். மூணையும் மனப்பாடம் பண்ணிட்டேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேரும் வராது."

ஆசிரியைக்கு முகம் எரிந்தது. ஏதாவது சொல்லியிருப்பாள், ஆனால் துறைத் தலைவர் வந்துவிட்டார். பின்னாலேயே புள்ளிவிவரம் பார்ப்பவரும் வந்தார். வாயைத் திறந்தாலே கணக்கில் பேசுவதால் கல்லூரியில் அவருக்குப் 'பர்சன்டேஜ்' என்று பெயர்.

"வாங்கம்மா," என்றார் தலைவர். "கேள்விகளப் படிச்சீங்களா? என்ன தோணுச்சு?"

தையல்காரம்மா எழுந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பவர் போல, "ஒன்று, கேள்விகளின் மொழி இன்னும் எளிமையாக இருக்க வேண்டும். இரண்டு, கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்," என்று கடகடவென்று சொன்னார். "மூன்று... நோயாளி மைய அணுகு... அணுகுமுறையின்..." நாக்கு புரளவில்லை. நெற்றி வியர்த்தது. ஆசிரியையைப் பார்த்தார்.

பர்சன்டேஜ் தன் கையிலிருந்த அறிக்கையில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். "அடேயப்பா, வார்த்தை மாறாம வருதே! நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை ஆசிரியையால் தாங்க முடியவில்லை. தனக்காகப் பொய் சொல்லி ஒருத்தி எல்லார் முன்னாலும் திணறி நிற்கிறாள்.

"நிறுத்துங்கம்மா. உக்காருங்க," என்றாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். "மேடம், அதெல்லாம் அவங்க சொன்னதில்ல. போன வாரமே நான் எழுதினது. தவறிப்போய் அவங்களுக்கு அனுப்பிட்டேன். என்னைக் காப்பாத்தறதுக்காக மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்காங்க."

பர்சன்டேஜ் பேனாவை மூடினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு அவங்கள எதுக்கும்மா மூணு மாடி ஏற வச்சே?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

ஆசிரியை தையல்காரம்மாவின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுடுங்கம்மா."

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு டீச்சர். இவகிட்ட கேக்கறதுக்கு என்ன இருக்குன்னு முடிவு பண்ணிட்டீங்கபோலன்னு நெனச்சேன். அப்புறம், பாவம், என்ன அவசரமோன்னு..." நிறுத்திக்கொண்டார். "சரி விடுங்க. அந்தக் கேள்விங்க எங்க? நான் இன்னும் பாக்கவேயில்லையே."

கேள்வித்தாளை ஆசிரியை நீட்டினாள். தையல்காரம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஏழாவது கேள்வியில் விரல் நின்றது.

"'பையை மாற்றும்போது உங்கள் அருவருப்பை எப்படி மறைத்தீர்கள்?' இது யார் எழுதினது?"

"நான்தான்மா."

"எனக்கு முதல்ல மாத்தின பொண்ணு எதையும் மறைக்கல. 'அக்கா, இதான் எனக்கு முதல் தடவ, கை நடுங்குது'ன்னா. எனக்கும்தான் நடுங்குது, வா ரெண்டு பேருமா நடுங்குவோம்னு அவ மணிக்கட்டப் புடிச்சேன். அதுல பாதிப் பயம் போச்சு. முகத்த மாத்தாம செஞ்சவங்களும் உண்டு. அவங்ககிட்டதான் நான் கூனிக் குறுகிப்போனேன்." தாளைத் திருப்பி வைத்தார். "மறைச்சத விடுங்க. நோயாளிகிட்ட என்ன பேசினீங்கன்னு கேளுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னும் கேளுங்க."

வகுப்பு வகுப்பாக 'முகத்தில் எதையும் காட்டக் கூடாது' என்று சொல்லிக்கொடுத்தவள் ஆசிரியை. தலையைத் தூக்காமல் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். எழுதி முடித்ததும் பழைய பக்கத்தை எடுத்து, தையல்காரம்மாவின் சாக்பீஸைக் கேட்டு வாங்கி, மூலைக்கு மூலை அடித்தாள். அறிக்கை தாமதமாகும் என்று மேலிடத்துக்குத் தானே எழுதுவதாகவும், காரணத்தையும் சேர்த்தே எழுதுவதாகவும் தலைவரிடம் சொன்னாள்.

"இன்னொண்ணும் எழுதிக்கங்க," என்றார் தையல்காரம்மா. "அடுத்த கூட்டம் கீழ் மாடியில. பக்கத்துல பாத்ரூம் இருக்கணும்."

அதையும் எழுதினாள். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள். "கடைசியில கையெழுத்துப் போடுவீங்களாம்மா?"

தையல்காரம்மா எழுந்து, சேலையை வயிற்றுப் பையின் மேல் சரிசெய்துகொண்டார்.

"அடுத்த கூட்டத்துல கேளுங்க, சொல்றேன்," என்றார். "இப்போ இறங்கறதுக்குக் கையக் கொடுங்க."