வலமிருந்து இடம்

அந்தத் தெருவில் தண்ணீர் குழாயில் வருவதில்லை, பலகையில் வரும். பலகையின் நடுவே, மரம் குடையும் ரௌட்டர் மெஷினால் நீளப் பள்ளம் வெட்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அடுக்களை ஜன்னலில் வைத்தால் போதும். இடமிருந்து வலமாக வெட்டிய பள்ளம் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவரும். வலமிருந்து இடமாக வெட்டினால், வீட்டிலிருக்கும் தண்ணீர் வெளியே போய்விடும். வீட்டுக்கு ஒரு பலகைதான்.

மங்கையின் வீட்டுப் பழைய பலகை விரிசல் விட்டிருந்தது. புதுப் பலகை வந்துவிட்டது. ரௌட்டர் பிடிக்கத் தெரிந்த அப்பா தங்கையா கட்டிலில் கிடந்தார். கால்களில் நீர் கோத்து, வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது. நெஞ்சுக்கு ஏறினால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரைக்கு அது இறங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஜெபா அக்கா கேட்காமலே தன் ரௌட்டரைக் கொண்டுவந்தாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வெட்டும் பிட்டை மாட்ட வேண்டும், மரத்தைத் தொடுவதற்கு முன்பே ஓடவிட வேண்டும் என்றாள்.

"ஒரேயடியா ஆழமா எறக்காத, கேட்டியா? கொஞ்சங் கொஞ்சமா எறக்கு. அது ஒன்ன எதுத்துச்சுன்னா நீ சரியாப் போறன்னு அர்த்தம். தானா ஓடுச்சுன்னா தெச தப்பு."

மங்கை ஒரு கழிவு மரத்துண்டைக் கிளாம்ப் போட்டுப் பழகினாள். பழகாத கை, திசை மாறிவிட்டது. ரௌட்டர் அவளைச் சுண்டி இழுத்துக்கொண்டு ஓடியது. துண்டை ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். மேசையிலிருந்த டம்ளர் காலியானது. கட்டிலில் அப்பாவின் கால் சுண்டுவிரல் வீக்கம் வற்றிச் சுருங்கியது.

அப்பாவும் மகளும் அந்த விரலைப் பார்த்தார்கள்.

"குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்வ?" என்றார் தங்கையா.

"கேட்டு வாங்கிக்கலாம்பா."

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் அவள்.

புதுப் பலகையை இறுக்கினாள். ரௌட்டர் விலகாமல் இருக்க ஒரு ரீப்பர் கட்டையை அணைத்து வைத்தாள். வலது ஓரத்தில் தொடங்கினாள். முதலில் தீக்குச்சி கனம்தான் இறக்கினாள். ஒவ்வொரு தடவையும் அது கையை விட்டு ஓடப் பார்த்தது. உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். மரத்தூள் இமைகளில் படிந்தது.

பலகையை ஜன்னலில் வைத்ததும் குடம் வற்றியது, பிறகு பானை. மங்கையின் நாக்கு வறண்டது. அதன் பிறகுதான் அப்பாவின் முழங்கால் இளகத் தொடங்கியது. தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கணுக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரிந்ததும் பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்தாள்.

மறுநாள் காலையில், மங்கை செம்பை எடுத்துக்கொண்டு படியிறங்குவதற்குள் ஜெபா அக்காவே ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள். நேற்று தன் பலகையில் தண்ணீர் கூடுதலாக வந்தது என்றாள்.

"லேசா உப்பு. நான் கொழம்புக்கு உப்பே போடல."

தங்கையா எழுந்து உட்கார்ந்து ஒரு மடக்கு உறிஞ்சினார். விழுங்காமல் சற்று நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"இது எடது காலு," என்றார்.

ஜெபா அக்கா தலையாட்டிவிட்டு, வலது காலை எடுத்துவர வீட்டுக்குப் போனாள்.