காயாக்கின் மேல் ஓர் ஆள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சில்வெஸ்டர் கிடங்கைத் திறந்தபோது ஆணியில் சுமை கட்டும் லோரி பெல்ட்டுகளைக் காணவில்லை. நான்கு பெல்ட்டுகள். கொக்கியும் இறுக்கியும் நல்லதாகப் பார்த்து அவரே வாங்கி வந்து மாட்டியவை. இப்போது வெறும் ஆணிதான் இருந்தது.

"பாஸ், பெல்ட்டு எங்க?"

தேவன் வெளியே பிக்கப்பின் பின்சீட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து எதையோ அடுக்கிக்கொண்டிருந்தான். ஆற்றில் சுற்றுலாப் படகு விடும் கம்பெனி அவனுடையது. கிடங்கு இங்கே கலும்பாங்கில், படகுத்துறை கோலா சிலாங்கூரில். இரண்டுக்கும் நடுவே ஆறு வருடமாக பிக்கப்பை ஓட்டுபவர் சில்வெஸ்டர்.

"மச்சான் பந்தல் கட்ட எடுத்துட்டுப் போனான்ணே. நாளைக்கு வந்துரும்."

"காயாக்கு இன்னைக்குல்ல போவுது."

"ராஃபியா கயிறு ஒரு உருண்டை கெடக்குது பாருங்க. இறுக்கி நாலு சுத்து சுத்துனா போதும்லா."

காயாக், ஒற்றையாள் துடுப்புப் படகு, வாசலில் கிடந்தது. புத்தம்புதிது, மஞ்சள் நிறம், பத்தடி நீளம். பத்து மணிக்குப் படகுத்துறையில் ஆற்றைச் சுத்தம் செய்யும் விழா. டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் அதில் உட்கார்ந்து துடுப்பு போடப் போகிறார். டத்தோ மனது வைத்தால் படகுத்துறையின் அடுத்த மூன்று வருடக் குத்தகை தேவனுக்கே. இதை அவன் ஒரு வாரமாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிக்கப்பின் பின்தொட்டி ஐந்தடி. பின்கதவைத் தாழ்த்திவிட்டால் இன்னும் ஓர் ஒன்றரை அடி கிடைக்கும். மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்கலாம், அதில் தப்பில்லை, ஒழுங்காகக் கட்டியிருந்தால். மூக்கிலிருந்து தொட்டியின் முன்வளையங்களுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெல்ட், நடுவில் குறுக்கே ஒன்று, வால்பக்கம் கீழே இழுத்து ஒன்று. நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் பின்னால் வருகிறவன் கண்ணில் படும்படி சிவப்புத் துணி. அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி இறுக்கம் பார்க்க வேண்டும். சில்வெஸ்டருக்கு இதை யாரும் கூப்பிட்டுச் சொல்லித்தரவில்லை. போக்குவரத்து இலாகா கவுண்டரில் கால் கடுக்க நின்று விதிமுறையைக் கேட்டார், மிச்சத்தை ரோட்டில் கற்றுக்கொண்டார்.

ராஃபியா என்பது நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டுகிற கயிறு. காயாக்கோ வெறும் காற்றடைத்த கூடு மாதிரி. எண்பதில் போனால் அடியில் காற்று புகுந்து தூக்கும்.

"தூக்காதுண்ணே," என்றான் தேவன். "மேல வாசு உக்காந்துக்குவான்."

சில்வெஸ்டர் பின்சீட்டை எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் சுருட்டிய பேனர், அதன்மேல் கசங்காதபடி பூங்கொத்து. மறுபக்கம் இரண்டு பேர் உட்காரும் அகலத்துக்கு ஒரு கேக் பெட்டி. மூடியின் கண்ணாடித்தாள் வழியே நீலக் கிரீமில் ஓர் ஆறும் அதில் மஞ்சள் படகும் தெரிந்தன. பெட்டியைச் சுற்றி சீட் பெல்ட் போட்டிருந்தான் தேவன். போட்ட பிறகு அது பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தான்.

வெண்ணெய்க் கிரீமின் வாசனை காலை வெயிலில் இளகி முகத்தில் அடித்தது. சில்வெஸ்டர் தலையை வெளியே இழுத்துக்கொண்டார்.

வாசு அதற்குள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்துவிட்டான். முப்பத்தைந்து வயது, நாள்கூலி. கம்பெனியின் புது டி-சட்டை போட்டிருந்தான்; மடிப்பு இன்னும் கலையவில்லை. படகுத்துறையில் நிரந்தர வேலை தருவதாகத் தேவன் சொல்லியிருந்தான், இன்றைக்கு டத்தோவிடமே அறிமுகம் செய்துவைப்பதாகவும்.

"நல்லாருக்காண்ணே சட்ட?" என்று கேட்டுக்கொண்டே அவன் தொட்டிக்குள் ஏறினான். ஏறும்போது இடது கையை ஊன்றவில்லை. வலது கையால் மட்டும் தொற்றி, முழங்காலைப் போட்டு ஏறினான்.

அந்த இடது கை சில்வெஸ்டருக்குத் தெரியும். போன அக்டோபரில், இதே தொட்டியில், காலியான தண்ணீர்த் தொட்டி ஒன்று பறந்துவிடாமல் இருக்க வாசுவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஓட்டியவர் சில்வெஸ்டர்தான். ஒரு பள்ளம் வந்தது. கண்ணாடியில் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டி இருந்தது, வாசு இல்லை. மணிக்கட்டு இரண்டாக உடைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே தேவன் போனில் சொல்லிவிட்டான், குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்லி. வாசுவுக்கு மலாயில் எழுத வராது. ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பியவர் சில்வெஸ்டர். எழுத்துக்கூட்டிப் பார்த்து, பிழை இல்லாமல், பேனாவை அழுத்தி எழுதிக்கொடுத்தார். அதன் பிறகு பல நாள் சாப்பாட்டைப் பிசையும்போது தன் விரல்களைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

"எறங்குடா வாசு," என்றார்.

"ஏண்ணே?"

"எறங்குன்னா எறங்கு. பாஸ், எட்டரைக்கு ஹார்ட்வேர் கடை தொறப்பான். ரெண்டு பெல்ட்டு நான் வாங்குறேன், என் காசுல. கேக்கை முன்னால மடியில வச்சுக்குங்க. வாசு உள்ள உக்காரட்டும். பத்தேகாலுக்குப் போயிருவோம்."

"டத்தோ பத்து மணிக்கு வர்றாருண்ணே. பத்தேகாலுக்கு வெறும் மேடையவா காட்டச் சொல்றீங்க?" தேவன் குரலை உயர்த்தவில்லை. அவன் எப்போதும் உயர்த்துவதில்லை; சிரித்த முகமாகவே பேசுவான். "நம்ம ஆளுங்களுக்கு இதென்ன புதுசா? எஸ்டேட்டுல எல்லாரும் லோரிக்குப் பின்னால நின்னுகிட்டுத்தானே ஊரு ஊரா போனோம். நீங்களே செயிண்ட் ஆன் கோயில் திருநாளுக்கு புக்கிட் மெர்த்தாஜாம் வரைக்கும் அப்படித்தான் போனதா கதை சொல்லுவீங்க."

"போனேன். வழி முச்சூடும் வாந்தி எடுத்துக்கிட்டுப் போனேன். அப்ப உள்ள சீட்டு இல்ல. இப்ப இருக்கு, அதுல கேக்கு உக்காந்திருக்கு."

தொட்டியிலிருந்து வாசு சிரித்துவிட்டான். தேவன் சிரிக்கவில்லை.

"நீங்க ஓட்டுறீங்களா, நான் ஓட்டவா?"

சில்வெஸ்டர் சாவியை பிக்கப்பின் முன்மூடியில் வைத்தார். தேவன் அதை எடுத்துக்கொண்டு, "திங்கக்கெழம வந்து கணக்கை முடிச்சுக்குங்கண்ணே," என்றான். சொல்லும்போதும் அதே சிரிப்பு.

தேவனும் வாசுவும் காயாக்கை ஏற்றினார்கள். ராஃபியாவை நாலு சுற்று சுற்றினார்கள். சிவப்புத் துணி கிடைக்காமல் கேக் கடைக்காரன் கொடுத்த சிவப்பு ரிப்பனை வாலில் முடிச்சுப் போட்டான் தேவன். வாசு காயாக்கின் நடுவில் குதிரையேறுவதுபோல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்தான்.

"வாசு, நான் சொல்றதக் கேளு. அந்தக் கைய வச்சுக்கிட்டு எதப் புடிப்ப?"

"விடுங்கண்ணே. நீங்கதான் ஓட்டல, நாங்களாச்சும் போறோம். இந்த வேலை மட்டும் கெடச்சா கண்மணிய கையுறை ஃபேக்டரியிலேருந்து நிறுத்திருவேன்." கண்மணி அவன் மனைவி. "ஒண்ணும் ஆவாதுலா."

பிக்கப் திரும்பி மெயின் ரோட்டில் ஏறியது. சிவப்பு ரிப்பன் படபடத்தது. வாசு பெரிய மனுஷன் மாதிரி வலது கையைத் தூக்கி ஆட்டினான். அடுத்த நொடி இரண்டு கையாலும் காயாக்கின் விளிம்பைப் பிடித்தான்.

சில்வெஸ்டர் போனை எடுத்தார். போலீஸ் ஸ்டேஷன் எண் அவரிடம் இருந்தது. அழுத்துவதற்கு முன்னால் நின்றார். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவருக்கு இதற்கு என்ன பெயர் என்று தெரியும். நம்ம ஆளை நம்ம ஆளே மாட்டிவிடுவது. நாளைக்குக் கோயில் வாசலில், டீக்கடையில், ஒவ்வொரு வாயிலும் இந்தப் பெயர்தான் கிடந்து உழலும். அந்த வாய்களை நினைத்தாலும் குமட்டியது, அக்டோபரில் தான் நிரப்பிய படிவத்தை நினைத்தாலும் குமட்டியது. இரண்டில் எந்தக் குமட்டலோடு இருக்க முடியும் என்றுதான் பார்த்தார். அழுத்தினார். வண்டி எண், நிறம், போகும் பாதை, பின்னால் சரியாகக் கட்டாத சுமைமேல் ஓர் ஆள். பெயர் கேட்டார்கள். முழுப்பெயரையும் சொன்னார்.

பிறகு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே பாதையில் போனார். வழியில் பள்ளம் வந்த ஒவ்வொரு இடத்திலும் ரோட்டோரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே போனார்.

கெர்லிங் தாண்டிச் செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் புல்லில் மஞ்சளாகத் தெரிந்தது. வாசு காயமில்லாமல், முழு உடம்போடு காயாக்கின் பக்கத்தில் குந்தியிருந்தான். பிக்கப் இல்லை. சில்வெஸ்டர் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல், ஹேண்டிலில் தலையைக் கவிழ்த்தார்.

"போலீஸ் மறிச்சிட்டான்ணே," என்றான் வாசு. "சம்மன் எழுதிட்டு, ஆளும் காயாக்கும் பின்னால போகக்கூடாதுன்னுட்டான்."

"பாஸ் எங்க?"

"போயிட்டாரு. கேக்கு உருகிரும்ல."

"ஒன்ன உள்ள ஏத்திக்கிட்டுப் போறதுதானே?"

"முன்சீட்டு காலிதான். ஆனா காயாக்க யாரு பாத்துக்கறது?" அவன் புல்லைப் பிடுங்கினான். "அந்தப் பக்கம் போற லோரி எதையாச்சும் மறிச்சு, காயாக்க மேல போட்டு, நீ புடிச்சுக்கிட்டு வந்துருன்னாரு. வந்துட்டா வேலை உண்டுன்னாரு. எவனோ போன் பண்ணியிருக்கான்ணே. எவன்னு தெரிஞ்சா..."

"நான்தான்."

வாசு நிமிர்ந்து பார்த்தான். கெட்டவார்த்தை வரும் என்று சில்வெஸ்டர் காத்திருந்தார். வரவில்லை. அவன் காறி, சில்வெஸ்டரின் சப்பாத்துக்கு ஒரு முழம் தள்ளித் துப்பினான்.

அப்போதுதான் ஒரு லோரி வந்தது. எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலைகளைக் கூம்பாக ஏற்றிய லோரி. வாசு ரோட்டுக்கு ஓடிக் கையைக் காட்டினான். ஓட்டியவன் தெரிந்த பையன்தான், சரண். முன்னால் அவனோடு இரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கண்ணே?"

"பத்தாங் காலி வரைக்கும் கொண்டுபோய் விடு தம்பி. அங்கேருந்து வேற புடிச்சுக்கறேன். நான் மேல உக்காந்து புடிச்சுக்கறேன்."

"குலை குத்தும் பாத்துக்க. போடு, போடு, சீக்கிரம்."

வாசு ஓடிவந்து காயாக்கின் ஒரு முனையை வலது கையால் தூக்கினான். மறுமுனையில் சில்வெஸ்டர் மோட்டார்சைக்கிளை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். தொண்ணூறு கிலோ உடம்பு, பிளாஸ்டிக் முனகியது.

"எந்திரிண்ணே."

"முடியாது."

"மாட்டி விட்டது பத்தலியா? எந்திரி சொல்றேன்."

வாசு இழுத்தான். இடது கையையும் சேர்த்துப் பிடிக்கப் பார்த்து, வலியில் பல்லைக் கடித்து விட்டுவிட்டான். சில்வெஸ்டர் நகரவில்லை. ஹாரன் ஒருமுறை அடித்தது, இன்னொருமுறை நீளமாக அடித்தது. "வர்றியா இல்லியாண்ணே, மில்லுல வரிசை நீண்டுரும்," என்று சரண் கத்தினான். லோரி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

வாசுவின் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். தேவன். அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வா," என்றான் சில்வெஸ்டரிடம். "வேலை எப்படிப் போச்சுன்னு கண்மணிகிட்ட நீயே சொல்லு. என்னால ஆவாது."

"வர்றேன்."

"அவ வௌக்குமாத்த எடுப்பா."

"எடுக்கட்டும்."

லோரி வளைவில் மறைந்த பிறகும் சில்வெஸ்டர் காயாக்கை விட்டு எழுந்திருக்கவில்லை.