மாரென் வீட்டுத் தூக்கம்

அமெரிக்காவின் டுலூத் நகரில் பனி கொட்டிய வாரம் அது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குழுக்களாக உட்கார்ந்து, படித்த கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதையைத் தன் வாழ்க்கையோடு பொருத்திச் சொல்வது அன்று மாரெனின் முறை.

"இதுல வர்ற நாய் மாதிரிதான் எங்க நாயும். நேத்துலேர்ந்து தூங்கிட்டே இருக்கு. அம்மாவும் தலைவலின்னு படுத்திருக்காங்க."

"உங்க வீடே சோம்பேறிக் கூட்டம்!" என்றான் கோல்பி. குழுவே சிரித்தது.

ஆசிரியை லிண்ட்க்விஸ்ட் சிரிக்கவில்லை. "உனக்கும் தலை வலிக்குதாம்மா?"

"வீட்ல இருந்தா வலிக்கும், மிஸ். இங்க வந்தா சரியாயிடும்."

அவர் அலுவலகத்துக்கு ஓடி மாரென் வீட்டுக்குப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. உடனே தீயணைப்பு வீரர்களை அழைத்தார்.

வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஹீட்டரின் புகைக்குழாயைப் பனி அடைத்து, வீடெங்கும் வாசனையில்லாத விஷவாயு பரவியிருந்தது. கதவை உடைத்து அம்மாவைத் தூக்கினார்கள். அவள் பிழைத்தாள், நாய் பிழைக்கவில்லை.

மறுநாள் அந்தக் குழுவில் யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை.