நான்கு டிகிரி குனிவு

விடிகாலை ஐந்தரைக்கு டவரின் இரும்பு பனியில் நனைந்து வழுக்கும். கையுறை போட்டால் பிடி தெரியாது, போடாவிட்டால் விரல் மரத்துப்போகும். வெயில் ஏறிவிட்டால் அதே இரும்பு உள்ளங்கையைப் பொசுக்கும். அதனால் வெளிச்சம் வரும்போதே ஏறிவிட வேண்டும். நாற்பது மீட்டர். இடுப்பில் ஸ்பேனர் பை, தோளில் கேபிள் சுருள், நெஞ்சைச் சுற்றி ஒரு நைலான் கயிறு. சேஃப்டி பெல்ட் என்று எங்களிடம் இருந்தது அந்தக் கயிறுதான்.

என் பெயர் செபஸ்டின். வரதராசன்பேட்டைக்காரன். பதினோரு வருடமாக செல்போன் டவர் ஏறுகிறேன். அன்று நான் ஏறியது செந்துறை ரோட்டில் இரண்டு மாவட்ட எல்லையில் நிற்கும் டவர். உச்சிக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தேன். கிழக்கே சிமெண்ட் ஆலையின் புகையும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியும். அது அரியலூர், என் ஏரியா. மேற்கே கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளமும் பருத்தியும். அது பெரம்பலூர், தமிழழகனின் ஏரியா. அந்தப் பக்கம் பார்த்ததும் என் வயிறு எரிந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் முன்பு வரை மின்னல் மொபைல், கீதம் டெலிகாம் என்று இரண்டு கம்பெனிகள். நாங்கள் நாலு பேர் கீதத்துக்கு வேலை பார்த்தோம். செட்டிகுளத்துத் தமிழழகனும் அவனுடைய மூன்று பேரும் மின்னலுக்கு. மின்னல்காரனுக்கு எல்லாமே ஒரு படி மேல். அவர்களுக்குக் கம்பெனியே வருடம் முழுதுக்கும் ரீசார்ஜ் போட்டுக் கொடுக்கும். நான் இருபத்தெட்டு நாளைக்கு ஒரு முறை என் கைக்காசில் போட வேண்டும். எங்கள் தெருவில் கீதம் சிம் போட்டவன் வாசலுக்கு வந்துதான் பேச வேண்டும். மின்னல் அடுப்படி வரைக்கும் வரும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒருநாள் என் மனைவி லீலா மேரி அடுப்படியில் நின்றபடி அவள் அம்மாவோடு வீடியோவில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கோச்சுக்காதீங்க. நான் மின்னலுக்கு மாறிட்டேன்" என்றாள்.

என் வூட்டுக்குள்ளேயே தமிழழகனின் சிக்னல். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு இரண்டு கம்பெனியும் ஒன்றாயின. பேப்பரில் முதலாளிகள் கைகுலுக்கிச் சிரித்தார்கள். இரண்டு மாவட்டத்து டவர் வேலையும் அரங்கநாதன் என்ற ஒரே காண்டிராக்டரிடம் போனது. அவர் எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்து, "கம்பெனி ஒண்ணாயிடுச்சு, குரூப்பு எதுக்கு ரெண்டு? அரியலூரு செபஸ்டினுக்கு, பெரம்பலூரு தமிழழகனுக்கு. ஒரு மாசம் பாப்பேன். நாலு கம்பெனி போனையும் பைக்குல கட்டிக்கிட்டு சூப்பர்வைசரு ஊரூரா வருவாரு. எவன் ஏரியாவுல நம்ம சிக்னல் நல்லா இருக்கோ அந்தக் குரூப்பு இருக்கும். இன்னொண்ணு வூட்டுக்குப் போவலாம்" என்றார். அப்போதே சம்பளத்திலும் கை வைத்தார். நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. எதிர் வரிசையை முறைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வரிசையில் தமிழழகன் தோளில் புது பெல்ட் ஒன்று தொங்கியது. ஆரஞ்சு நிறப் பட்டை, பளபளவென்று இரண்டு கொக்கி. அவன் குரூப்புக்கு மட்டும் அது எப்படி வந்தது? அந்த ஒரு மாதமும் தூக்கத்தில் கூட எனக்கு அந்த ஆரஞ்சுப் பட்டைதான் தெரிந்தது.

ஆகவே அன்று காலை உச்சியில் நின்றபோது என் கை சும்மா இருக்கவில்லை. டவரில் மூன்று ஆண்டெனா, மூன்று திசைக்கு. மேற்கே பார்க்கும் ஆண்டெனா தமிழழகனின் ஊர்களுக்கு. அதன் பின்னால் ஒரு தகட்டில் டிகிரிக் கோடு இருக்கும். நிமிர்ந்து நின்றால் தூரத்து ஊருக்குப் போகும், குனிந்தால் தன் காலடியோடு நின்றுவிடும். இரண்டில் இருந்ததை ஸ்பேனரால் தளர்த்தி ஆறுக்கு இறக்கி முறுக்கினேன். நான்கே டிகிரி. கீழே நிற்பவனுக்குத் தெரியாது. எனக்கு மனசு குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது, இப்போது அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இரண்டு நாளில் அரங்கநாதனே போன் செய்தார். "செபஸ்டினு, ஒன் ஏரியா ஜம்முனு இருக்கு. அவன் ஏரியா மேக்கால படுத்துருச்சு" என்றார். அந்த வாரம் நான் லீலா மேரிக்கு மல்லிகைப்பூ வாங்கிப் போனேன்.

வெள்ளிக்கிழமை செய்தி வந்தது. தமிழழகனின் குரூப்பில் மூத்தவரான பூமாலை அண்ணன் டவரிலிருந்து விழுந்துவிட்டார். லப்பைக்குடிக்காடு போகும் வழியில், எல்லை டவருக்கு மேற்கே ஆறு கிலோமீட்டரில் உள்ள டவர். இறங்கும்போது இருபதடி உயரத்திலிருந்து. இடுப்பெலும்பு முறிவு.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடியது இரக்கத்தால் மட்டும் இல்லை. ஒரு டவரில் வேலை பார்க்கும்போது அதை அணைத்துவிட்டுத்தான் ஏறுவோம். அப்போது எங்கள் போனுக்குப் பக்கத்து டவர்தான் துணை. அந்த டவருக்குப் பக்கத்து டவர் எது என்று எனக்குத் தெரியும்.

வார்டு வராண்டாவில் தமிழழகன் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"நாப்பது நிமிசம், செபஸ்டினு" என்றான். என்னிடம் அவன் முகம் கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "மூணு பேரு போனுலயும் ஒரு கோடு இல்ல. எல்லாம் நம்ம கம்பெனி சிம்மு. வேற சிம் வச்சிருந்தா சம்பளத்துல புடிப்பேன்னு அரங்கநாதன் சொல்லியிருக்கான்ல? அண்ணன் மண்ணுல கெடந்து கத்துறாரு. நான் காட்டுக்குள்ள ஓடுனேன். பருத்தி எடுத்துக்கிட்டிருந்த ஆண்டாயின்னு ஒரு அம்மா, கவர்மெண்டு சிம்மு போட்ட பட்டன் போனு. அதுலதான் ஆம்புலன்ஸுக்குப் பேசுனேன்."

"பெல்ட்டு போட்டிருந்தாருல்ல? புது பெல்ட்டு?"

அவன் காலடியில் கிடந்ததைத் தூக்கி என் மடியில் போட்டான். அதே ஆரஞ்சுப் பட்டை. ஒரு கொக்கியின் நாக்கு உடைந்து கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தது. கம்பி நெகிழ்ந்திருந்தது.

"எங்கயோ கழிச்சுப் போட்டத கழுவிக் குடுத்தான். நாலு பேருக்கும் இது ஒண்ணுதான். ஒங்களுக்காவது இன்சூரன்ஸ் போட்டிருக்கான். அது எங்களுக்கு இல்லையேன்னு ஒரு மாசமா நான் வயிறெரிஞ்சு செத்தேன்."

"எங்களுக்கா? யாரு சொன்னா?"

"அரங்கநாதன்தான். 'செபஸ்டின் குரூப்புக்குப் போட்டுட்டேன், நீங்க ஒழுங்கா வேலை பாருங்க, பாப்போம்'னான்."

"தமிழு, எங்ககிட்ட கயிறுதான் இருக்கு."

இரண்டு பேரும் அந்தப் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் சொன்னேன். எல்லை டவரில் என்ன செய்தேன், எத்தனை டிகிரி, எதற்காக, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும் முன் கன்னத்தில் அறை விழுந்தது. வராண்டாவே திரும்பிப் பார்த்தது. இன்னொன்று விழும் என்று நின்றேன். அவன் கையைத் தொங்கவிட்டு அழுதான்.

"அண்ணன்ட்ட நீயே சொல்லணும்" என்றான் கடைசியில். "எந்திரிச்சு ஒக்காரட்டும், அப்பறம் சொல்லு. மொதல்ல போய் அத நிமித்து."

மறுநாள் விடிகாலை கடைசியாக ஒருமுறை கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினேன். ஆறிலிருந்து இரண்டுக்கு. போல்ட்டை முறுக்கிவிட்டு, கீழே நின்ற என் ஆளிடம் டவரைப் போடச் சொல்லி, உச்சியிலிருந்தே தமிழழகனுக்குப் போன் போட்டேன். அவன் அண்ணன் விழுந்த இடத்தில் நின்றிருந்தான்.

"கேக்குதா?"

"கேக்குது. மூணு கோடு காட்டுது." பிறகு குரலைத் தணித்தான். "எறங்கி வா. பாத்து எறங்கு."

நான் என் ஆட்கள் மூன்று பேரோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது அவனும் அவனுடைய இரண்டு பேரும் டவரின் கால்மாட்டில் இருந்தார்கள். முந்தின வாரம் டீக்கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆட்கள். ஆண்டாயி அம்மா சோளத்தட்டை வேலி ஓரமாக நின்றிருந்தார். மண்ணில் இன்னும் கறை இருந்தது. எட்டு மணிக்கு அரங்கநாதனின் கார் வந்தது.

"நேத்திலேருந்து இந்த டவரு செத்துக் கெடக்கு. ஹெட் ஆபீஸுலேருந்து என்னைய நார் நாராக் கிழிக்கிறான்" என்று இறங்கியவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "நல்லவேள வந்துட்ட. இனிமே ஒன் குரூப்புதான். ரெண்டு மாவட்டமும் ஒனக்குத்தான். ஏறு."

இந்த வார்த்தைக்காகத்தானே ஒரு மாதம் எரிந்தேன்? ஒரு கணம் எனக்குள் ஏதோ துள்ளியது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன், துள்ளத்தான் செய்தது.

"பெல்ட்டு குடுங்க சார்" என்றேன். "இன்சூரன்சும் போடுங்க. ஏழு பேருக்கும்."

"ஒனக்கு நாலு பேருதானடா?"

"ஏழு பேரு. பூமாலை அண்ணன் எந்திரிச்சு வந்தா எட்டு. அவரு வைத்தியச் செலவும் ஒங்களோடதுதான்."

"அவனுங்களுக்கு நீ ஏன் பேசுற? நேத்து வரைக்கும் இவன் பேரச் சொன்னாலே மூஞ்சியத் திருப்புவியே?"

"திருப்புனேன் சார். அதுக்குத்தானே எனக்கு அவன் பெல்ட்டக் காட்டுனீங்க, அவன்கிட்ட எனக்கு இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னீங்க?"

அரங்கநாதன் முகம் கறுத்தது. "அவன் குடிச்சிட்டு ஏறியிருப்பான். அதுக்கெல்லாம் நான் ஆளா?"

"வாய அளந்து பேசுய்யா!" வேலி ஓரத்திலிருந்து ஆண்டாயி அம்மாவின் குரல் வந்தது. "அந்த மனுசன் தலைய நான் மடியில வச்சிருந்தேன். தண்ணி தண்ணின்னு கேட்டாரு. குடிச்ச வாயா அது?"

"திருச்சியிலேருந்து ஆள எறக்குனா மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டுப் போயிடுவான். ஒங்கள்ல எவனும் வேணாம்."

"பேசுங்க சார்" என்றான் தமிழழகன் அமைதியாக. "இங்க இப்ப சிக்னல் நல்லா வருது."

அவர் அங்கேயே நின்று திருச்சி குரூப்பின் ராஜராஜனைக் கூப்பிட்டார். போன் கணீரென்று பேசியது. எங்கள் ஏழு பேர் காதிலும் விழுந்தது.

"சார், காலையிலயே தமிழழகன் பேசிட்டாரு. எங்க பசங்களும் கயித்தக் கட்டிக்கிட்டுத்தான் ஏறுறானுங்க சார். பெல்ட்டு குடுத்தீங்கன்னா பாக்கலாம். அதுவும் அங்க இருக்கற ஏழு பேரும் சரின்னு சொன்னாத்தான் வருவோம்."

அரங்கநாதன் போனை அணைத்தார். "மூணே நாளு. எல்லாரையும் தூக்குறேன் பாரு" என்று கத்திவிட்டுக் காரில் ஏறினார். தூக்கினாலும் தூக்குவார். மூன்று நாளில் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஆண்டாயி அம்மா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். டவரின் நிழலில் வட்டமாக உட்கார்ந்தோம். தமிழழகன் தன் டிபனைத் திறந்தான். சின்ன வெங்காயம் போட்ட காரக்குழம்பு. என் வீட்டில் ஒரு நாளும் இந்த மணம் வந்ததில்லை என்று சட்டென்று ஒரு எரிச்சல் வந்தது. பழக்க தோஷம் ஒரே நாளில் போகுமா? அவன் அதை என் பக்கம் நகர்த்தினான்.

அப்போது அவன் போன் அடித்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து பூமாலை அண்ணன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தாலும் ஒரு சொல் கூட விட்டுப்போகவில்லை.

"யாரு, செபஸ்டினா? என் எடத்துல யாரடா ஏத்துனான்?"

"சாயங்காலம் வரேண்ணே. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், நான் செஞ்ச தப்பு."

"அது இருக்கட்டும். யாரு ஏறுனா, சொல்லு."

நான் சுற்றிலும் பார்த்தேன்.

"யாரும் ஏறலண்ணே" என்றேன். "ஏழு பேரும் கீழதான் ஒக்காந்திருக்கோம்."