தொண்ணூற்றாறு சதவீதம்

ஆர்யாவுக்கு விடிந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி வீட்டுக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். முற்றத்தில் அவள் வாடகைக்கு விடுகிற இரண்டு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் சார்ஜில் நின்றன. விழிஞ்ஞத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் ஸ்ரீஜித், பெட்ரோல் வண்டியைத் தொடவே மாட்டோம் என்று அடம்பிடிக்கிற ஒரு ஜெர்மன் ஜோடியைப் பதினோரு மணிக்குக் கூட்டிவருகிறான். இன்று ஒழுங்காகப் போய்வந்தால் இனி அவன் விருந்தாளிகள் எல்லோருக்கும் ஆர்யாவின் வண்டிதான். இல்லையென்றால் எட்டு மாதத்துக் கடையை இழுத்துமூட வேண்டியதுதான். இந்த ஆர்டருக்காக அவள் அலைவது அம்மாவுக்குத் தெரியும்; ஆனால் காரியம் கைகூடிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, அவர்கள் இன்று வருவதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நாளோ ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவில் பொங்கலிடுகிற பொங்காலை நாள். திருவல்லம் வரைக்கும் ரோட்டோரமெல்லாம் செங்கல் அடுப்பும் பெண்களும். இவள் வீட்டு கேட்டுக்கு நேராக அம்மா பிச்சம்மாளின் அடுப்பு. முந்தாநாள் அந்த மூன்று செங்கல்லை வைத்து இடம்பிடித்தது வேறு யாருமில்லை, சாட்சாத் ஆர்யாவேதான். கோயிலில் தீ மூட்டிய பிறகுதானே ஊர் அடுப்பெல்லாம் எரியும், பத்தரைக்குள் வண்டியை வெளியே எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தாள். ஆனால் தீ பற்றிவிட்டால், கோயிலில் நைவேத்தியம் முடிகிறவரை அடுப்பை யாரும் அசைக்கமாட்டார்கள்.

பத்து மணிக்குச் சார்ஜைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. அப்போதே எடுத்திருக்கலாம். பூவாறு வரை போய்த் திரும்புகிறவர்கள், நூறு ஆகட்டுமே என்று ஆசை. ஆசை யாரை விட்டது? பத்தரை என்பது போன வருஷத்து முகூர்த்தம் என்பது அவள் மண்டையில் உறைக்கவே இல்லை. பத்தேகாலுக்கு மைக்கில் செண்டை முழங்கியது, தெரு முழுக்கக் குலவை கிளம்பியது. அவள் ஓடிவருவதற்குள் அம்மா கற்பூரத்தைக் கொளுத்திப் போட்டுவிட்டாள்.

பிளக்கைப் பிடுங்கி, வண்டிகளைத் தீக்கு எட்டாமல் பின்சுவர் வரை தள்ளினாள். மதில்மேல் தூக்கிவிடலாமா என்றுகூடப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நூறு கிலோ. கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா இவளுக்கு என்று நினைத்தாள். இடம்பிடித்தது யார் என்பது அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

ஸ்ரீஜித் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தான். ஆர்யா மதிலோரம் ஓடினாள்.

"அடுப்பு கத்திச்சாச்சு, அல்லே?" என்றான், எரிகிற தீயைப் பார்த்து.

"மூணு மணி வரை வெயிட் பண்ண முடியுமா, சேட்டா?"

"இவங்களுக்குப் பன்னிரண்டரைக்குப் பூவாறில் படகு சவாரி. உன்னைக் குத்தம் சொல்லல ஆர்யா, ஆற்றுகால் அம்மையோட தீயை யாரும் தொடமுடியாதே. பக்ஷே எனிக்கு நேரத்துக்கு வண்டி வேணும். இவங்களை பஸ்ஸில் ஏத்திவிடறேன். மத்தவங்களுக்கு அந்தப் பழைய பெட்ரோல் வண்டிக்காரன் மதி, அவனே போதும்."

அந்த ஜோடி அடுப்பைப் படம் எடுத்துக்கொண்டு, கைகூப்பிவிட்டு, அவன் பின்னால் நடந்தது.

அவள் திரும்பி வந்தபோது பானை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. பிச்சம்மாள் கண் திறந்து, வாய்கொள்ளாமல் சிரித்தாள்.

"பொங்கிட்டு பாத்தியா, மக்ளே. இனி சொல்லலாம். அந்த விழிஞ்ஞத்து ஆர்டர் உனக்குக் கெடச்சிரணும்னுதான் இந்த வருசப் பொங்காலை. அம்மை கைவிடமாட்டா." முந்தானையால் கண்ணில் புகையைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, இப்ப மதில் பக்கம் வந்தது ஆரு?"

"வழி கேட்டு வந்தவங்கம்மா," என்றாள் ஆர்யா. ஒரு தென்னம்பாளையை எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள்.