பன்னீர் ரோஜாவுக்கு இரண்டு பஸ்

அர்ஜுனனுக்கு மூக்கு போய் மூன்று மாதம் ஆகிறது. மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது; கண்ணாடி போட்டால் அதன் மேல்தான் உட்காருகிறது. போனது வாசனை. ஆடி மாதம் வந்த ஒரு காய்ச்சல், திரும்பும்போது வெறுங்கையோடு போவானேன் என்று அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வேறு ஒருவனுக்கு இப்படி ஆகியிருந்தால், சாக்கடை ஓரம் நிம்மதியாக நடக்கலாம் என்று விட்டிருப்பான். அர்ஜுனனுக்கோ மூக்குதான் சோறு போடுகிறது. மைசூர் ரோடு பக்கம் கோவிந்தப்பாவின் ஊதுபத்திக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவன்தான் வாசனை பார்க்கிறவன். அவன் மோந்து ‘சரி’ என்றால்தான் பத்தி பெட்டிக்குள் போகும். இந்த மூன்று மாதமும் பழைய எண்ணெய், பழைய அளவு, கைப்பழக்கத்தில் ஓட்டிவிட்டான். தீபாவளிக்கு மூடிய கம்பெனி வரும் திங்கட்கிழமை திறக்கிறது. புது வியாபாரி அனுப்பிய ரோஜா எண்ணெய் அங்கே வந்து காத்திருக்கிறது. அதை மோந்து தேறுமா தேறாதா என்று சொல்லியாக வேண்டும். அங்கே வாய்ஜாலம் எல்லாம் எடுபடாது.

வீட்டுக்குத் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனான். “கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, இதெல்லாம் தினமும் மோந்து பாருங்க. சில பேருக்குத் திரும்பி வரும்” என்றார். கிராம்பும் எலுமிச்சையும் ஒரு பயனும் தரவில்லை. ரோஜாவுக்காக சிவாஜிநகர் பூக்கடைக்குப் போய் ஒரு பூவை மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், பூக்காரி பிடித்துக்கொண்டாள்.

“யோவ், சாமிக்குப் போற பூவை மோந்துட்டு அப்படியே வெச்சுட்டுப் போவியா? நீயே எடுத்துக்கோ!”

மோந்த பூ சாமிக்கு ஆகாது. ஊதுபத்திக்காரனுக்கு இது தெரியாதா? தெரியும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்தப் பூவை வாங்கிக்கொண்டு வந்து மூலையில் நின்று மோந்தான். ஒன்றும் இல்லை. இரண்டு நாள் ஐஸில் கிடந்த பூவுக்கு ஏது வாசனை, செடியில் நிற்கிற பூவாக இருந்தால் தெரியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

“லீவுதானே ராதா, ரோஜாத் தோட்டம் பார்த்துட்டு வரலாமா?” என்று மறுநாள் காலை அவன் கேட்டபோது, அவன் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இருபத்துநாலு வருடம். ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து லால்பாக் பூங்கா பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஒரு நாளாவது கூட்டிப்போயிருக்கிறானா?

“உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?”

“பூ பார்க்கக் கூப்பிட்டா உடம்பைக் கேக்கறியே!”

பஸ்ஸில் ராதா ஆதார் கார்டைக் காட்டிப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, மகாராணி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். “நீங்க துட்டு கொடுத்து வாங்குங்க” என்று அவனைச் சீண்டவும் மறக்கவில்லை.

லால்பாக்கில் ராதாவுக்குக் கேள்வி மேல் கேள்வி. பூவுக்கு எதற்கு இத்தனை நீளப் பெயர்? எந்த துரைசானி பெயர் இது? அர்ஜுனனுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சாசர் அகலத்துக்கு விரிந்திருந்த ஒரு சிவப்பு ரோஜாவின் மேல் கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே எட்டிக் குனிந்தான். மூச்சை இழுத்தான். ஒன்றும் இல்லை.

“நீ மோந்து பாரு.”

ராதா குனிந்தாள், கண்ணை மூடினாள். “ஆஹா! இன்னா வாசனை!”

அடுத்து மஞ்சள். அதற்கும் ஆஹா. வெள்ளைக்கும் ஆஹா. அந்த வரிசையில் ஒன்பது செடி, ஒன்பது ஆஹா. அவ்வளவுதான், நம் பிழைப்பு முடிந்தது என்று அங்கிருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தோட்டக்காரர் சிரித்தார். “ஏன்மா, இந்த வரிசைல எதுக்குமே வாசனை கிடையாதேம்மா. பார்வைக்குன்னே வளர்த்த ஜாதி. வாசனை வேணும்னா பன்னீர் ரோஜாகிட்ட போகணும். ஹெப்பால் தாண்டி ஐரின் அம்மா நர்சரில இருக்கு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போங்க.”

அர்ஜுனன் மெல்ல ராதா பக்கம் திரும்பினான். “அப்புறம் எதுக்குடி ஒன்பது தடவை ஆஹா போட்டே?”

ராதா முந்தானையைச் சரிசெய்தாள். “இருபத்துநாலு வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு ஒரு பூவைக் காட்டறீங்க. வாசனை இல்லன்னு எப்படிச் சொல்றது?”

அவனுக்கு அவளைத் திட்டத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. குற்றம் ரோஜா மேல் என்றால் மூக்கு இன்னும் தப்பிக்க இடம் இருக்கிறதே.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். சிவாஜிநகருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஹெப்பாலுக்கு இன்னொன்று. பஸ் மாறும்போது கறிக்கடைச் சந்து வழியாகப் போக வேண்டியிருந்தது. ராதா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அர்ஜுனன் கையை வீசி நடந்தான்.

“உங்களுக்கு நாறலையா?”

“பழகிப்போச்சு.”

ராதா மூக்கைப் பொத்திய கையோடு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐரின் தன் நர்சரிக் கேட்டைத் திறந்துவிட்டு, “மோந்து பாருங்க, பறிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பன்னீர் ரோஜா ஒன்றும் அழகுராணி இல்லை. வெளிறிய ரோஸ் நிறம், கலைந்த இதழ், கொத்தாக முள். அர்ஜுனனுக்குக் குனியவே பயமாக இருந்தது. குனிந்தான். காலைக் குளிர்ச்சி மூக்குக்குள் போய்த் திரும்பி வந்தது. வேறொன்றும் வரவில்லை. இன்னொரு பூ. இன்னொன்று.

“ராதா, உள்ளதைச் சொல்லு. இதுல வாசனை இருக்கா?”

“தூக்குதுங்க. சத்தியமா.”

“எனக்கு ஒண்ணும் தெரியல. ஆடி மாசத்துல இருந்தே தெரியல.”

ராதாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “அப்போ நான் வெச்ச மீன் குழம்பு? தெரு வரைக்கும் மணக்குதுன்னு சொன்னீங்களே!”

“நீ ஒன்பது பூவுக்குச் சொன்ன மாதிரிதான்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். இத்தனை நாளாக இதை ஒற்றையாகச் சுமந்தானே என்று அவளுக்கு மனசு ஆறவில்லை.

“இது எப்படி இருக்குன்னு சொல்லேன்” என்றான் அவன். “நல்லாருக்குன்னு சொல்லாதே. எப்படின்னு சொல்லு.”

இந்தத் தடவை ஆஹா இல்லை. ராதா நிதானமாகக் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். “மேல இனிப்பு. வெல்லப்பாகு காய்ச்சுறப்போ வர்ற இனிப்பு. அப்புறம் டீத்தூள் டப்பா திறந்த மாதிரி. அடியில, ரொம்ப அடியில, கிராம்பு.”

அர்ஜுனன் அவளையே பார்த்தான். அந்த அடிக் கிராம்பைப் பிடிக்கக் கம்பெனிப் பையன்களுக்கு அவன் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பாதிப் பேருக்கு இன்னும் பிடிபடவில்லை. முன்பு வீட்டில் பத்தி உருட்டிய காலத்தில் ராதா ஒருநாள், “இந்த லாட் சரியில்லங்க” என்று சொன்னதும், உனக்கென்ன தெரியும் என்று தான் அவள் வாயை அடைத்ததும் நினைவுக்கு வந்தன. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று கோவிந்தப்பாவுக்குப் போன் போட்டான்.

“சார், என் மூக்கு போயிடுச்சு. மூணு மாசமா உங்ககிட்ட மறைச்சுட்டேன்.”

“ஏன் ஹேள்தீயப்பா!” என்னப்பா சொல்றே என்று கன்னடத்தில் அலறினார் கோவிந்தப்பா. “திங்கக்கிழமை ரோஜா எண்ணெய் யாரு பார்க்கறது?”

“எங்க வீட்டுக்காரம்மா பார்ப்பாங்க சார். என்னைவிட நல்ல மூக்கு. நீங்களே சோதிச்சுப் பாருங்க. கூட்டிட்டு வரேன்.”

“என்னைக் கேட்டீங்களா?” என்றாள் ராதா.

அர்ஜுனன் போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். கேட்கவில்லைதான். இந்த வேலை விஷயம் கிடக்கட்டும். குடிவந்த வீடு, மகனைச் சேர்த்த பள்ளிக்கூடம் என்று எதையுமே அவளைக் கேட்டுச் செய்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. எல்லாம் முடிவுசெய்துவிட்டு வந்து சொன்னவைதான்.

“வர்றியா, ராதா?”

நெஞ்சில் கோவிந்தப்பா ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். ராதா அவசரப்படவில்லை. செடி வரிசையை அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினாள்.

“நான் நல்லால்லன்னு சொன்னா நல்லால்லதான். நடுவுல நீங்க பேசக் கூடாது.”

“பேசல.”

“அப்போ நான் வர்றேன்னு அவர்கிட்ட சொல்லுங்க.”